உள்ளே விடாதே

1

ஊரில் இருப்பவர்கள் என்னிடம் பிரான்சைப் பற்றிக் கேட்பதெல்லாம் கோபுரம், குளிர், பாலாடைக்கட்டி ஆகிய மூன்றைப் பற்றித்தான். படிவங்களைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இருபத்திரண்டு வருடம் இங்கே குடியிருந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். கோபுரத்தை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன், அதுவும் ஊரிலிருந்து வந்த மைத்துனருக்காக. படிவத்தை வாரம் ஒருமுறை பார்க்கிறேன்.

இந்த முறை வந்தது பதினோரு பக்கம். நானே கேட்டு வாங்கியது என்பதால் யாரையும் திட்ட முடியவில்லை.

நான் இருப்பது பாரிசுக்கு வெளியே, ஓர் ஆற்றை ஒட்டிய சிற்றூரில். ஆறு நம் அரசலாற்றைவிடக் கொஞ்சம் அகலம். நான் வந்த புதிதில் அரசலாற்றைவிட ஒழுக்கமாகவும் இருந்தது. இப்போது அதற்கும் புத்தி மாறிவிட்டது. குளிர்காலம் தவறாமல் கரையேறி வந்து, என் வீட்டு நிலவறையில் அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி, புத்தகப் பெட்டி எல்லாவற்றையும் நலம் விசாரித்துவிட்டுப் போகிறது. சென்ற குளிரில் ஒரு பெட்டி சிறுகதைத் தொகுதிகள் கூழாகிவிட்டன. பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறவன் வீட்டிலேயே புத்தகம் நனைந்தது என்றால், தீயணைப்பு நிலையத்தில் தீப்பிடித்த மாதிரி.

காரைக்கால்காரன் எவனும் செய்யக்கூடியதைத்தான் நானும் செய்ய நினைத்தேன். பின்பக்கத் தோட்டத்தில் மண்ணைக் கொட்டி ஒன்றரை அடி தூக்கிவிடுவது. ஆற்றுத் தண்ணீர் நிலவறைப் பக்கம் திரும்பாது. அதற்கு நகராட்சியின் அனுமதி வேண்டும். நகராட்சி அலுவலகத்துக்கு இங்கே 'மேரி' என்று பெயர். காரைக்காலிலும் என் அப்பா தலைமுறையினர் அப்படித்தான் சொன்னார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள், "மேரியில கொஞ்சம் வேலை, வர நேரமாகும்" என்று சொல்லிவிட்டுப் போனேன். கும்பகோணத்துப் பெண்ணான சுமதி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

படிவத்தின் ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'உங்கள் மனையில் விழும் நீர் எங்கே போகிறது?' அதை வெற்றாக விட்டுவிட்டுக் கொடுத்தேன். வாங்கிய அலுவலர் ஓர் இளம்பெண். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதையே வாயால் கேட்டாள்.

கீழே போகிறது என்றேன்.

கீழே யார் இருக்கிறார் என்றாள்.

ஐம்பத்தொரு வயதில் என்னை யாரும் கேட்காத கேள்வி அது. அலுவலக மொழியில் கேட்டதால் எனக்குத்தான் அர்த்தம் தவறாகப் புரிந்ததோ என்று சந்தேகப்பட்டு, திரும்பச் சொல்லச் சொன்னேன். சரியாகத்தான் புரிந்திருந்தது. உங்கள் தண்ணீர் யார் மனைக்குள் போகிறதோ, அவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்றாள்.

2

கீழே இருப்பவர் ழெரார். பேருந்து ஓட்டுபவர், என் வயதுக்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் தக்காளிச் செடியோடு பேசிக்கொண்டிருப்பவர். பதினைந்து வருடப் பழக்கம். சுமதியின் மிளகு ரசத்தைக் கோப்பையில் வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணீரோடு நன்றி சொன்ன மனிதர். கையெழுத்து ஒரு சடங்கு என்று நினைத்துத்தான் போனேன்.

படிவத்தை முழுக்கப் படித்தார். ஏழாம் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு வேலியோரம் போய் என் தோட்டத்தையும் தன் தோட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். குரலில் கோபமே இல்லை. உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, உங்கள் தண்ணீரோடுதான் எனக்குப் பிரச்சினை என்றார்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து மேரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று வரைவு. தாழ்வான இடத்தில் குடியிருக்கிறார் என்ற ஒரே காரணத்தால் ஒருவர், மேலே இருப்பவனின் தற்காப்பு உரிமையைத் தடுக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். நீதி, சமத்துவம் எல்லாம் அதில் வந்தது. வெளிநாட்டவன் என்பதால்தானோ என்று நாசூக்காக ஒரு வரியும் சேர்த்திருந்தேன். அந்த வரியை நான் நம்பவில்லை. ஆனால் நடை நன்றாக அமைந்துவிட்டது, அடிக்க மனசு வரவில்லை.

என் பிரெஞ்சைத் திருத்துவது மகள் நிலாவின் வேலை. கல்லூரியில் ஆறுகளைப் பற்றிப் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், ஆனால் வாடகைக்கு எடுத்த சட்டையைப் போட்டவள் மாதிரி ஜாக்கிரதையாகப் பேசுவாள். காரைக்காலை அவள் 'நம்ம ஊர்' என்று சொல்லிக்கொண்டிருந்தது எந்த வருடம் 'உங்க ஊர்' ஆனது என்று எனக்கு ஞாபகமில்லை. கவனித்திருக்க வேண்டும்.

கடிதத்தில் நான்கு இலக்கணப் பிழையைத் திருத்திவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்: "அப்பா, உங்க ஊர் வீட்ட தூக்கிக் கட்டினீங்கல்ல? அதுக்கு யார் கையெழுத்துப் போட்டாங்க?"

3

அதைச் சொல்லத்தான் வேண்டும்.

காரைக்கால் கடைமடை. காவிரி கர்நாடகத்தில் புறப்பட்டு, எல்லா ஊர் வயலும் வாய் கொப்பளித்த பிறகு, மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். நெடுங்காட்டு விவசாயிகள் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே ஆடி மாதத்தைக் கழிப்பார்கள். வெள்ளம் என்றால் மட்டும் இந்த வரிசையில் யாரும் எங்களை மறப்பதில்லை. எல்லோருடைய வெள்ளமும் எங்கள் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். கடலும் முன்பு மாதிரி இல்லை. 'கடல் வாங்கலை' என்பார்கள் எங்கள் பக்கம். அலை ஏறி நிற்கும்போது ஆற்றுத் தண்ணீரைக் கடல் உள்ளே வாங்காது, திருப்பித் தள்ளும். அந்தச் சொல்லை என் சின்ன வயதில் எப்போதாவது கேட்டதுண்டு. இப்போது மழைக்காலத்தில் எந்த உரையாடலும் அது இல்லாமல் முடிவதில்லை. ஐப்பசி, கார்த்திகை என்று இரண்டு மாதம் நிதானமாகப் பெய்த மழை, இப்போது ஏதோ பேருந்தைப் பிடிக்கப் போகிற மாதிரி ஒரே பகலில் பெய்து முடிக்கிறது. பிறகு யாரும் கூப்பிடாமல் தை மாதத்தில் இன்னொரு முறை வருகிறது. அறுவடைக்கு நிற்கும் கதிர் வயலிலேயே சாய்ந்து முளைத்துவிடுகிறது.

எங்கள் வீடு தலத்தெருவில் இருக்கிறது. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் 'சொல்தா'வாக இருந்து ஓய்வு பெற்று வாங்கிய வீடு. அவருடைய பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதங்களின் புண்ணியத்தில்தான் நான் இங்கே இருக்கிறேன். அப்பா, அம்மா காலத்துக்குப் பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு மழையில் தண்ணீர் உள்ளே புகுந்து கதவெல்லாம் ஊதிப்போனது. மூன்று வருடத்துக்கு முன்பு, இங்கே சோபாவில் சாய்ந்தபடி, போனில் முடிவெடுத்தேன். பழையதை இடி, நாலடி தூக்கு, புதிதாகக் கட்டு.

ஐந்தடியாகவே போட்டுவிடலாமே என்றார் மேஸ்திரி. நான்கு போதும் என்று நான் சொன்னதை அன்றைக்கு ஒரு பெருந்தன்மை மாதிரி நினைத்துக்கொண்டேன்.

சவுடு மண் லாரி லாரியாக வந்தது. வீட்டுக்கு ஏழு படி. மனைக்குச் சுற்றுச்சுவர். எங்கள் மனையின் ஓரத்தில், பக்கத்து மனையை ஒட்டி, மூன்றடி அகலத்தில் ஒரு சந்து இருந்தது. தெருத் தண்ணீர் அதன் வழியாகத்தான் பின்னால் இருக்கும் வாய்க்காலுக்குப் போகும். பட்டாவில் சந்து என்னுடையது. பூனை போகிற வழிதானே என்று அதையும் சேர்த்துச் சுவர் எழுப்பச் சொன்னேன்.

பக்கத்து மனை யூசுப்புடையது. ஒன்றாம் வகுப்பிலிருந்து என் கூடப் படித்தவன். மனைவி ஜரீனாவோடு அங்கேயே குடியிருந்து, வீட்டு முன்னறையில் மிக்ஸி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறான். அவனிடம் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. வேண்டுமென்றே செய்திருந்தால் அதற்கொரு கணக்கு இருந்திருக்கும். தோன்றவே இல்லை என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வேலை முடிந்ததும் ஒரு சாவியை அவனிடமே கொடுக்கச் சொன்னேன். மாதம் ஒருமுறை திறந்து பெருக்கச் சொன்னேன். பெருக்கினான்.

"யாரும் போடலை" என்று நிலாவிடம் சொன்னேன்.

4

அவள் அதோடு விட்டிருக்கலாம். என் போனை எடுத்து, முகப்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடமாக என் போனின் முகப்பில் இருந்தது ஒரே படம்தான். அந்தக் கார்த்திகையில் தலத்தெரு மூழ்கியபோது, கல்யாண வீடியோ எடுக்கும் யாரோ டிரோனை மேலே விட்டு எடுத்தது. யூசுப்தான் மறுநாள் அனுப்பினான், 'உன் வீடு பத்திரம்' என்று ஒரு வரியோடு. சுற்றிலும் டீ நிறத்தில் வெள்ளம். நடுவில் என் வீடு மட்டும் காய்ந்து, வெள்ளையாக, பிறந்தநாள் கேக் மாதிரி நிற்கும். இதைக் காட்டாத சக ஊழியர் இல்லை. என்னுடைய தொலைநோக்கைப் பற்றி, பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றியிருக்கிறேன்.

நிலா படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

"அப்பா, படியில இருக்கிற இந்தப் புள்ளியெல்லாம் என்ன?"

பூந்தொட்டியாக இருக்கும் என்றேன்.

"பூந்தொட்டி குடை பிடிக்காது."

நான்கு புள்ளிகள். ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம். நான்காவது ஒரு குடைக்கு அடியில் பாதி தெரிந்தது. இரண்டு வருடம் தினமும் நூறு தடவை அந்தப் படத்தைத் தொட்டிருக்கிறேன். என் கட்டைவிரல் சரியாக அந்தப் படிகளின் மேல்தான் படும். அங்கேதான் திறக்கும் பொத்தான்.

யூசுப்போடு என் வாட்ஸப் உரையாடலைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். பொங்கல் வாழ்த்து, ரம்ஜான் வாழ்த்து, சர்க்கரை நோய்க்கு வெண்டைக்காய், மறுபடி பொங்கல். பிறகு அந்த நாள். அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி, இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அன்று காலை ரயிலில் நின்றுகொண்டு, 'தண்ணி மூணாம் படிக்கு வந்துருச்சுடா' என்பது வரைக்கும் கேட்டுவிட்டு நிறுத்தியது நினைவிருக்கிறது. வண்டியில் கூட்டம். உடனே பதில் எழுதினேன்.

மிச்சத்தை இப்போது கேட்டேன். நிலாவும் கேட்டாள். முதலில் மழைச் சத்தம், அப்புறம் ஒரு குழந்தையின் அழுகை. அப்புறம் யூசுப்:

"...எங்க வீட்டுல இடுப்பளவுக்கு நிக்கிது. நான், ஜரீனா, என் தங்கச்சி, என் மக சபீனா அவ கைப்புள்ளையோட, எல்லாரும் உன் படியிலதான் இருக்கோம். சாவி எங்கிட்டதான் இருக்கு. தொறந்து முன் ரூம்ல உக்காந்துக்கட்டுமாடா? ஒரு வார்த்தை சொல்லு."

நான்கு புள்ளிகள் ஐந்து பேர். கைக்குழந்தை படத்தில் தெரியவில்லை.

அதற்குக் கீழே என் பதில். தமிழில், பிழை இல்லாமல், முற்றுப்புள்ளி வைத்து:

'உள்ளே விடாதே. கதவுக்கு அடியில் சாக்கு வை.'

தண்ணீரைச் சொன்னேன். நிலாவிடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். நம் மொழியில் யாரை, எதை என்று சொல்லாமலே ஒரு வாக்கியத்தை முடித்துவிடலாம், இலக்கணம் இடம் கொடுக்கிறது, நான் தண்ணீரைத்தான் சொன்னேன். அவள் இல்லை என்று சொல்லவில்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். கடிதத்தின் திருத்திய படியை எனக்குத் தரவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை யூசுப்பைக் கூப்பிட்டேன். எடுத்தவுடன், "என்ன முசியே, ஃபார்வர்ட் மெசேஜெல்லாம் தீந்துபோச்சா? நேரா லைனுக்கு வர்ற" என்றான். பிரெஞ்சுக்காரனை அழைக்கும் அந்தச் சொல், நான் விமானம் ஏறிய நாளிலிருந்து எனக்குப் பட்டப்பெயர்.

அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். முதலில் பேச்சை மாற்றப் பார்த்தான். இந்த வருடம் வெயில் புரட்டாசியிலும் அடங்கவில்லை என்றான். வஞ்சிர மீனைக் கண்ணால் பார்த்து எத்தனை நாளாயிற்று என்றான். நான் விடவில்லை. பிறகு சொன்னான், யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல. விடிகாலை சுபுஹு தொழுகை நேரத்தில் படியேறியவர்கள், மாலை அஸர் வரைக்கும் அங்கேயே இருந்திருக்கிறார்கள். தண்ணீர் ஏற ஏற, படி படியாக மேலே தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்தாம் படியில் தண்ணீர் நின்றது. சாயங்காலம் கிளிஞ்சல்மேட்டு மீனவர்கள் லாரியில் ஃபைபர் படகைக் கொண்டுவந்து தெருவுக்குள் இறக்கி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

"சாவி கையில இருந்துச்சேடா" என்றேன்.

"நீதான் உள்ள விடாதேன்னு எழுதிருந்தியே. சரி, புதுத் தரை, புது பெயிண்டு. ஈரக்காலோட அஞ்சு பேரு ஏறுனா எனக்கே மனசு வராது. சாக்க வச்சுட்டு வெளிய உக்காந்துட்டோம்."

"நான் தண்ணியச் சொன்னேன்டா."

அந்தப் பக்கம் அவன் சிரிக்க ஆரம்பித்தான். வகுப்பில் வாத்தியார் வேட்டி தடுக்கி விழுந்தபோது சிரித்த அதே சிரிப்பு, இருமல் வரும் வரைக்கும். இருமல் நின்ற பிறகு கேட்டான்:

"தண்ணி என்ன, எங்கிட்ட கேட்டுட்டாடா வரும்?"

அனுமதி கேட்டு நின்றது தண்ணீர் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குரல் செய்தியை முழுவதும் கேட்டிருந்தால் சரியாகப் பதில் எழுதியிருப்பேன் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ரயிலில் நின்றபோது என் மனக்கண்ணில் இருந்தது புதுத் தரைதான். அதன்மேல் ஈரக்கால் பட்டாலும் அன்று எனக்குப் பதறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

போன் ஜரீனாவின் கைக்குப் போனது. அவள் யூசுப் மாதிரி சுற்றி வளைக்கிறவள் கிடையாது.

"அண்ணே, எங்க வீட்டுல தண்ணி வந்தத நான் பெருசா எடுக்கல. ஊருக்கே வந்துச்சு. ஆளே இல்லாத வீட்டு வாசல்ல, சாவிய முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டு, பச்சப்புள்ளையோட நனைஞ்சோம் பாருங்க. அதுதாண்ணே போக மாட்டேங்குது."

அதன் பிறகுதான் அவர்கள் கிளம்பப் போவது தெரிந்தது. சுவர் வந்த பிறகு வெள்ளம் வேண்டியதில்லையாம், நல்ல மழையே போதுமாம். தெருத் தண்ணீர் முழுக்க அவர்கள் கொல்லையில் வந்து நிற்கிறது. ஐப்பசி பிறப்பதற்குள் நெடுங்காட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவது, வீட்டைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவது என்று ஜரீனா முடிவு செய்திருந்தாள். பெட்டியும் கட்டியாகிவிட்டது. யூசுப்புக்குப் போக மனமில்லை. முப்பது வருடமாகப் பக்கத்துத் தெரு மிக்ஸியெல்லாம் அவனிடம்தான் வருகிறது. அறுபது வீட்டு ஃபிரிட்ஜின் சத்தத்தை வைத்தே யார் வீடு என்று சொல்வான். நெடுங்காட்டில் போய் அவன் என்ன செய்வான்?

"வாங்குறவன் வந்து பாத்துட்டுப் போனான்" என்றான் போனைத் திரும்ப வாங்கி. "அஞ்சடி தூக்கப் போறானாம். அப்புறம் தண்ணி உன் வீட்டுக்கு வரும். நீ ஆறடி தூக்கு. இப்புடியே தூக்கிக்கிட்டே போனா, தெருவ ஆகாசத்துலதான் போடணும் முசியே."

சுவரை இடித்துச் சந்தைத் திறந்துவிடு என்றேன். மழை வந்தால் மேலே வந்து வீட்டில் இருங்கள் என்றேன். கொஞ்சம் வேகமாகவே சொன்னேன், அவன் மறுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பது போல. சந்தைத் திறந்தால் என் மனைக்குள்ளும் தண்ணீர் வரும், கடல் வாங்காத நாளில் கூடவே வரும் என்று எச்சரித்தான். வரட்டும் என்றேன்.

"எழுதி அனுப்பு" என்றான் யூசுப். "வாயால சொன்னா மேஸ்திரி நம்ப மாட்டான். ஜரீனாவும் நம்ப மாட்டா. உன் எழுத்துக்குத்தானே இந்த வீட்டுல மரியாதை."

6

திங்கட்கிழமை மேரிக்குப் போய் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இளம்பெண் காரணம் கேட்டாள். கீழே ஆள் இருக்கிறார் என்றேன். அதற்கும் தனியாக ஒரு படிவம் இருந்தது, இரண்டே பக்கம். அரிசி மூட்டையையும் மிச்சப் புத்தகங்களையும் நானும் சுமதியும் மாடிக்கு ஏற்றினோம். ழெராருக்கு ரசம் கொடுத்தனுப்பினேன்; இது மன்னிப்பு என்று அவருக்குத் தெரியாது. இந்தக் காரியங்களில் எல்லாம் நான் பெரிய ஆள். மண்ணைக் கொட்டுவதற்கு முன்பே திருந்திவிடுகிறேன், பிரான்சில்.

யூசுப்புக்கு எழுத மூன்று நாள் ஆனது. முதலில் எழுதியது ஒரு பக்கம், அதில் என் மனநிலை மட்டும் முக்கால் பக்கம். இரண்டாவதில் பருவநிலை மாற்றம், டெல்டா, அரசாங்கம் எல்லாம் வந்து, குற்றத்தில் எனக்கான பங்கு ஒரு கைப்பிடி மண்ணாகக் குறைந்திருந்தது. படிக்கவே நிம்மதியாக இருந்ததால் அழித்தேன். நிலா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்னதா எழுதுங்க அப்பா. போன தடவை மாதிரி" என்றாள்.

எழுதினேன்.

'சுவரை இடி. உள்ளே விடு.'

இரண்டு நீலக் கோடு விழுந்தது. அவன் தட்டச்சு செய்வதும் நிறுத்துவதுமாக இருந்தான். பிறகு வந்தது:

'ஜரீனா கேக்குறா. யார? தண்ணியவா, எங்களையா?'

நிலா என் தோளுக்கு மேல் குனிந்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்து முடிக்கும் வரை காத்திருந்தேன்.

'ரெண்டையும்' என்று எழுதினேன்.

அங்கே மழை தொடங்கிவிட்டதா என்று வானிலை பார்த்தேன். தொடங்கவில்லை. பிறகு இரண்டு செய்திகள், ஒன்றன்பின் ஒன்றாக:

'கட்டுன பெட்டிய இன்னும் பிரிக்கல. மழை வரட்டும், பாப்போம்ங்குறா.'

'கதவுக்கு அடியில இருக்குற சாக்க எடுத்துரட்டுமா? ரெண்டு வருசமா பெருக்கும்போது தூக்கிட்டு, திரும்ப அங்கேயே வச்சுட்டு இருக்கேன். நீ எடுக்கச் சொல்லலையே.'